ஃபெஞ்சலும் ஆயாவோட சோத்துப் பானையும்

சாப்பாடு கெட்டுப்போச்சா இல்லையான்னு பாக்க உங்க வீட்ல யாரைக் கூப்பிடுவீங்க? எங்க வீட்ல ஆயா. மூடியத் தொறந்து ஒரு தடவ மோந்து பாப்பாங்க, கரண்டியால ஒரு இழுப்பு இழுத்துப் பாப்பாங்க. "நூலு வுடுது, கொட்டு"ன்னு சொல்லிட்டா முடிஞ்சுது, மேல்முறையீடு கிடையாது. அந்தத் தீர்ப்பை நான் ஒரே ஒரு தடவ மீறினேன். அந்தக் கதையும், அதுக்கப்புறம் தோண்டிப் பாத்த வரலாறும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு ராத்திரி புதுச்சேரி பக்கமா கரையைக் கடந்துச்சு. கடந்துட்டுப் போயிருந்தா பரவாயில்ல, அங்கேயே உக்காந்துக்கிச்சு. எங்க முண்டியம்பாக்கத்துல இருந்து மூணு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற மயிலத்துல மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரத்துல 51 செ.மீ. மழை. டிசம்பர் 2-ம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல இருக்கிற 452-ம் நம்பர் ரயில் பாலத்துல தண்ணி அபாய அளவைத் தாண்டி ஓடுது, ரயில் எதுவும் போகாதுன்னுட்டாங்க. வீக்எண்டுக்கு ஊருக்கு வந்த நான் வசமா மாட்டிக்கிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் சொந்தக்காரங்க வர்றதா இருந்துச்சு. எட்டு பேருக்கு சோறு, சாம்பார், தேங்கா அரைச்சு ஊத்தின குருமா, மீன் குழம்பு எல்லாம் ரெடி. மழையில யாரும் வரல. சாயங்காலம் கரண்ட்டும் போயிடுச்சு. ஆயா மிச்ச சோறு மொத்தத்துலயும் தண்ணி ஊத்தப் போனாங்க. நான்தான், "பாதிய விடு ஆயா, நாளைக்கு ஃப்ரைட் ரைஸ் பண்ணிக்கிறேன்"னு எடுத்து ஃப்ரிட்ஜுல வெச்சேன். கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ்! அது வெறும் இரும்பு அலமாரின்னு அப்போ மண்டையில ஏறல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் கரண்ட் வரல. குருமாவையும் சாம்பாரையும் ஆயா மோந்து கூட பாக்காம கொட்டிட்டாங்க. மீன் குழம்பை ராத்திரியும் காலையிலயும் நல்லாக் கொதிக்க வெச்சு வெச்சிருந்தாங்க. நான் என் சோத்தை எடுத்து மோந்து பாத்தேன். ஒரு வாடையும் இல்ல, நூலும் இல்ல. "தண்ணி ஊத்தாத சோறு, வேணாம்டா"ன்னாங்க ஆயா. நான் இஞ்சினியர் இல்லையா, விளக்கம் சொன்னேன்: "நல்லா சூடு பண்ணிட்டா எல்லாக் கிருமியும் செத்துடும் ஆயா." முட்டைய ஒடச்சு ஊத்தி, வறுத்து, ஒரு தட்டு சாப்பிட்டேன். ஆயாவும் அம்மாவும் பழையதும் மீன் குழம்பும்.

மூணு மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சுது. ஏழெட்டு தடவ வாந்தி. எங்க ஊர்லயே 2010-ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா தெருவுல முழங்கால் அளவு தண்ணி. இருட்டுல பக்கத்துல உக்காந்து ஆயா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணிய ஸ்பூன் ஸ்பூனா குடுத்துட்டே இருந்தாங்க. திட்டக்கூட இல்ல. அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு. நடுராத்திரிக்கு மேல அடங்குச்சு. அந்த வீட்ல பழையது சாப்பிட்ட ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல.

சரி, வரலாறுக்கு வருவோம்.

குளிர வெச்சு சாப்பாட்டைக் காப்பாத்துறதுங்கிறது நம்ம பக்கத்துக்கு வெளிநாட்டு சரக்கு. நிஜமாவே கப்பல்ல வந்த சரக்கு. ஃபிரடெரிக் டியூடர்ங்கிற பாஸ்டன் வியாபாரி 1833-ல ஏரியில வெட்டின ஐஸ் கட்டியை மரத்தூள் போட்டு மூடி கல்கத்தாவுக்கு அனுப்பினார். சுமார் 180 டன் ஏத்தினதுல 100 டன் போல உருகாம வந்து சேந்துச்சு. மெட்ராஸ்ல அந்த ஐஸை வைக்கக் கட்டின கட்டடம்தான் கடற்கரையில இன்னைக்கும் நிக்கிற ஐஸ் ஹவுஸ், இப்போ விவேகானந்தர் இல்லம். 1870-கள்ல இங்கேயே மெஷின்ல ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் அந்த வியாபாரம் படுத்துடுச்சு. ஆனா வந்த ஐஸ் எல்லாம் துரைமாருக்கும் பணக்காரங்களுக்கும்தான். இந்தியக் கம்பெனி ஒண்ணு ஃப்ரிட்ஜ் செஞ்சது 1958-ல, கோத்ரெஜ். எங்க வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது நான் ஸ்கூல் படிக்கும்போது.

அப்போ அது வரைக்கும் நம்ம ஜனங்க என்ன பண்ணாங்க? குளிருக்குப் பதிலா உப்பு, வெயில், புளிப்பு, நெருப்பு. மரக்காணம் பக்கத்து மீன் கருவாடாச்சு. வெங்காயம் வடகமாச்சு. புளியில இருக்கிற அமிலம் குழம்பையும் கட்டுச்சோத்தையும் காப்பாத்துச்சு. மிச்சக் குழம்பு சுண்டச் சுண்டக் கொதிச்சு சுண்டக்குழம்பாச்சு. சோத்துக்குத் தண்ணி.

இதுல ஒரு முரண்பாடு ரொம்ப நாளா எனக்கு உறுத்திச்சு. தேரையர் பேர்ல வழங்குற பிணியணுகா விதியில, நேத்து சமைச்ச கறி எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் இன்னைக்குத் தொடமாட்டோம்னு ஒரு விதி வருது. இன்னொரு பக்கம் ஊரே நேத்து வடிச்ச சோத்தைத்தான் காலையில கரைச்சுக் குடிச்சுட்டு கழனிக்குப் போச்சு. எது சரி? ரெண்டும் சரிதான்னு விடை கிடைச்சது, நம்ப மாட்டீங்க, நார்வேயில.

1947-ல இருந்து 49-க்குள்ள ஆஸ்லோவுல சுமார் 600 பேருக்கு வயித்தால போச்சு. காரணம், முந்தின நாளே மாவு போட்டுக் காய்ச்சி வெளியில வெச்ச வெனிலா சாஸ். ஸ்டைனர் ஹாகேன்னு ஒரு விஞ்ஞானி, அதுல இருந்த பேசில்லஸ் சீரியஸ்ங்கிற பாக்டீரியாவை வளத்து, அந்த சாஸை 200 மில்லி தானே குடிச்சுப் பாத்தார். சுமார் 13 மணி நேரத்துல அவருக்கும் அதே கதி. (நம்மள விடப் பெரிய ஆளு!) 1970-கள்ல இங்கிலாந்துல சைனீஸ் ஹோட்டல் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவங்க வரிசையா வாந்தி எடுத்தாங்க. சோத்தை மொத்தமா வேக வெச்சு, வெளியிலயே வெச்சு, ஆர்டர் வந்ததும் வறுத்துக் குடுத்திருக்காங்க. நான் பண்ண அதே வேலை.

விஷயம் இதுதான். இந்தக் கிருமியோட விதை மாதிரியான வித்து அரிசியிலயே இருக்கு. சோறு கொதிக்கும்போது சாகாது. சோறு மெதுவா ஆறும்போது முளைச்சுப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு 121 டிகிரியில ஒன்றரை மணி நேரம் வெச்சாலும் அழியாது. நம்ம கடாய் என்ன பண்ணும்? கிருமி செத்துடும், விஷம் அப்படியே இருக்கும். வாடையும் வராது. மூக்கை நம்ப முடியாத இடம் இது. பெல்ஜியத்துல 2008-ல அஞ்சு நாள் வெளியில கிடந்த ஸ்பகெட்டிய சூடு பண்ணி சாப்பிட்ட 20 வயசுப் பையன் அன்னைக்கு ராத்திரியே செத்துப்போனான். அதுவும் இதே கிருமிதான். அதைப் படிச்சப்போ கை கொஞ்சம் நடுங்குச்சு.

பழையதுல என்ன நடக்குது? தண்ணி ஊத்தி வெச்சதும் தயிர்ல இருக்கிற மாதிரி லாக்டிக் அமில பாக்டீரியா பெருகி தண்ணியைப் புளிக்க வைக்குது. புளிப்பு ஏற ஏற மத்த கிருமிக்கு அங்க இடமில்ல. ஆயா தினமும் ஒரே மண்பானையில ஊத்துறதுக்கும் அர்த்தம் இருக்கு, பானையில ஒட்டியிருக்கிற நேத்தைய புளிப்பு இன்னைக்கு சீக்கிரம் வேலையை ஆரம்பிச்சிடும். புளிப்பு ஏறாத குருமா, பருப்பு, பொரியல் எல்லாம் தேரையர் விதியில வருது. தண்ணி ஊத்தின சோறு வேற கணக்கு. ஆயா ரெண்டையும் சேத்துதான் ஃபாலோ பண்ணாங்க. நான் ரெண்டையும் விட்டேன்.

அதுக்காக ஆயா சொன்னதெல்லாம் வேதம்னு சொல்ல வரல. மீன் விஷயத்துல கொதிக்க வெச்சா போதும்ங்கிறது முழு உண்மை இல்ல. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன் பச்சையா வெயில்ல கிடந்தா உள்ள ஹிஸ்டமின் சேரும், அதுவும் கொதிச்சாப் போகாது. பழையதும் காலையில சாப்பிட்டாத்தான், ரெண்டு நாள் வெச்சா அதுவும் வீணாத்தான் போகும்.

இப்போ என் கணக்கு சிம்பிள். மிச்ச சோறு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்கு, இல்லேன்னா தண்ணிக்கு. கரண்ட் போனா, தொறக்காத ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும், அதுக்கு மேல தேங்கா, பருப்பு, கறி எல்லாம் குப்பைக்கு. சந்தேகம் வந்தா சூடு பண்ணி சமாளிக்கிறது கிடையாது.

ஆயாகிட்ட இந்த நார்வே கதை எல்லாம் விலாவாரியா சொன்னேன். கேட்டுட்டு, "அதான் அன்னைக்கே சொன்னனேடா"ன்னுட்டு பானையில தண்ணி ஊத்தப் போயிட்டாங்க :-)

உங்க வீட்ல கெட்டுப்போன சாப்பாட்டுக்கு என்ன டெஸ்ட்? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: எனக்கு வந்தது இதே கிருமியாலதான்னு எந்த லேபும் சொல்லல, நேரமும் அறிகுறியும் பொருந்துது, அவ்வளவுதான். வாந்தி நிக்கலைன்னா ஆயாவோட ஸ்பூனை நம்பி உக்காராம டாக்டர்கிட்ட போயிடுங்க.