கணக்கில் வராத காயம்

ஒரு வீட்டில் பிரசவம் நடந்தால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி. ஆணா, பெண்ணா? சுகப்பிரசவமா, ஆபரேஷனா? அத்தோடு விசாரிப்பு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணால் மலத்தை அடக்க முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. வெட்கத்தால் அவளும் சொல்வதில்லை.

ஆனால் இந்த வேதனைக்கு மிக நீண்ட வரலாறு உண்டு நண்பர்களே.

பிரசவக் காயம் இரண்டு விதத்தில் இந்த நிலையை உண்டாக்குகிறது. குழந்தையின் தலை நாள்கணக்கில் சிக்கிக்கொண்டால், நடுவில் நசுங்கும் சதைக்கு ரத்தம் போகாமல் அது அழுகி ஓட்டை விழும். இதுதான் ஃபிஸ்டுலா. ஓட்டை சிறுநீர்ப்பையில் விழுந்தால் சிறுநீரும், மலக்குடலில் விழுந்தால் மலமும் பிறப்புப் பாதை வழியாகக் கசியும். இரண்டாவது, பிரசவத்தில் ஏற்படும் கிழிசல் ஆசனவாயை மூடும் சுருக்குத் தசை வரை போய்விடுவது.

12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலேர்னோ நகரில் உருவான 'ட்ரோட்டுலா' என்ற பெண்கள் மருத்துவத் தொகுப்பிலேயே இந்தக் கிழிசல் பேசப்படுகிறது. மூன்று நான்கு இடங்களில் பட்டு நூலால் தைக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது!

அனார்கா, பெட்ஸி, லூசி

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1845, அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி. அனார்கா என்ற 17 வயது அடிமைப் பெண் மூன்று நாட்களாகப் பிரசவ வலியில் துடித்தாள். ஜே. மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் வந்து ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார். சில நாட்களில் அவளுக்குச் சிறுநீர், மலம் இரண்டுமே கட்டுப்பாட்டில் இல்லாமல் போனது.

முதலாளிகள் ஏன் வைத்தியம் பார்க்க முன்வந்தார்கள்? இரக்கத்தைவிட கணக்குதான் பெரிய காரணம். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808-லேயே தடை செய்துவிட்டது. அதன்பின் அடிமைப் பெண்கள் பெறும் பிள்ளைகள்தான் புதிய 'சொத்து'. வேலையும் செய்ய முடியாமல் பிள்ளையும் பெற முடியாமல் போன பெண், அவர்கள் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு இழந்த சரக்கு.

சிம்ஸ் தன் வீட்டுக் கொல்லையில் இருந்த சிறு மருத்துவமனையில் அனார்கா, பெட்ஸி, லூசி மற்றும் சிலரைத் தங்க வைத்தார். சாப்பாடு அவர் பொறுப்பு. வரியும் துணியும் முதலாளி பொறுப்பு. சுமார் நான்கு வருடம் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை செய்தார். மயக்க மருந்தே கிடையாது. லூசிக்குச் செய்த முதல் ஆபரேஷன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடித்தது, சுற்றி நின்று டாக்டர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவள் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினாள்.

பொறுமை இழந்து உதவி டாக்டர்கள் விலகியபோது, அந்தப் பெண்களே சிகிச்சைக்கு உதவக் கற்றுக்கொண்டார்கள். 1849-ல் வெள்ளிக் கம்பியால் தைத்தபோதுதான் வெற்றி கிடைத்தது. அனார்காவுக்கு அது 30-வது ஆபரேஷன்!

அவர்கள் சம்மதித்தார்கள் என்று பிற்பாடு சிம்ஸ் எழுதினார். "முடியாது" என்று சொல்ல உரிமை இல்லாதவளின் சம்மதத்துக்கு என்ன பொருள்? அவர்கள் தரப்பைச் சொல்ல அவர்கள் எழுதிய ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

சிம்ஸுக்கோ 'நவீனப் பெண்கள் மருத்துவத்தின் தந்தை' என்ற பட்டமும் நியூயார்க்கில் சிலையும் கிடைத்தன. எதிர்ப்புக்குப் பின் 2018 ஏப்ரலில் சென்ட்ரல் பார்க் ஓரத்திலிருந்து அந்தச் சிலை அகற்றப்பட்டது. 2021-ல் மான்ட்கோமரியில் அந்த மூன்று பெண்களுக்கும் சிலை எழுந்தது.

கண்ணுக்குத் தெரியாத கிழிசல்

வசதியான நாடுகளில் ஃபிஸ்டுலா மிகவும் குறைந்துவிட்டது. தசைக் காயம் போகவில்லை. 1993-ல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், முதல் குழந்தையைப் பிறப்புப் பாதை வழியாகப் பெற்ற 79 பெண்களை ஆறு வாரம் கழித்து ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 28 பேருக்குச் சுருக்குத் தசையில் சேதம் இருந்தது. அடக்க முடியாமையோ அவசரமோ இருந்தது 10 பேருக்கு. வெளிப்பார்வையில் பிடிபடாத காயத்தை ஸ்கேன் காட்டிக்கொடுத்தது.

எத்தியோப்பியாவில் இன்னொரு கதை. 1959-ல் அங்கே வந்த ரெஜினால்ட், கேத்தரின் ஹாம்லின் தம்பதி 1974-ல் அடிஸ் அபாபாவில் ஃபிஸ்டுலாவுக்கென்றே மருத்துவமனை திறந்தார்கள். அவர்களிடம் நோயாளியாக வந்த மாமிட்டு காஷே, படிப்பறிவு இல்லாதவர், பக்கத்தில் நின்று உதவியே தொழில் கற்று, ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை நிபுணராகவே ஆனார்.

அனார்காவும் பக்கத்தில் நின்று உதவியவள்தான். அவளுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

இன்று தசைப் பயிற்சி இருக்கிறது, தையல் இருக்கிறது, அறுவை சிகிச்சை இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் தொடங்குவது, அந்தப் பெண் வாய்திறந்து சொல்வதில். அதற்கு முன்னால் யாராவது கேட்க வேண்டுமே! அடுத்த முறை ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டு, அம்மா எப்படி இருக்கிறாள் என்றும் கேட்போம்.