கரையோர நில உரிமை: ஒகேனக்கல் காவிரிக்கரை

கரையோர நில உரிமை என்பது இயற்கையான ஆறு, ஓடை, ஏரி, குளம் ஆகியவற்றின் நீரைத் தொட்டுக் கிடக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கு, அந்த நிலம் அங்கே இருப்பதாலேயே கிடைக்கும் உரிமை. அதைத் தனியாகப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டியதில்லை. நிலம் கைமாறினால் உரிமையும் கூடவே போகும். கரைக்காரர் நீருக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. ஓடும் நீரைத் தன் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம், மேலே இருப்பவர் அந்த ஓட்டத்தைக் கெடுக்காமல் இருக்கும்படி கேட்கலாம், அவ்வளவுதான். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஒகேனக்கல்லில் இந்த உரிமை எந்த அளவுக்கு நிற்கிறது, எங்கே அரசின் அதிகாரத்துக்கும் காட்டுச் சட்டத்துக்கும் இரு மாநில வழக்குக்கும் வழிவிடுகிறது என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

இடம்

கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. நீர் பாறையில் விழுந்து புகையாய் எழும்புவதால் புகைக்கல், அதுவே ஒகேனக்கல். இங்கே காவிரி ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. பாறைகளுக்கு நடுவே பல கால்களாகப் பிரிந்து, மெயின் அருவியாகவும் ஐந்தருவியாகவும் சினி பால்ஸாகவும் விழுந்து, பிறகு ஒன்றுசேர்ந்து மேட்டூரை நோக்கிப் போகிறது. சின்னாறு இவ்விடத்தில் காவிரியில் கலக்கிறது. இடக்கரை தமிழ்நாடு, வலக்கரை கர்நாடகம்.

வலக்கரை எல்லாக் காலத்திலும் வேறு ஆட்சியில் இருக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்தக் கரை அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. இடக்கரை அப்போது சேலம் மாவட்டம். 1965இல்தான் தருமபுரி தனி மாவட்டமானது. ஆகவே 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வக்கீல்கள் வாயில் ‘ஈஸ்மென்ட் ஆக்ட்’, தொடக்கத்திலிருந்தே இரு கரைக்கும் பொருந்திய சட்டம். மாநிலங்கள் பிரிந்த பிறகும் எதிரெதிர்க் கரைக்காரர்களின் அடிப்படை உரிமையைச் சொல்வது அந்த ஒரே சட்டம்தான்.

சட்டம் தருவது

அச்சட்டத்தின் 7ஆம் பிரிவில் உள்ள எடுத்துக்காட்டுகளில்தான் கரையோர உரிமை இருக்கிறது. இயல்பான கால்வழியில் ஓடிவரும் நீர், அளவோ திசையோ வேகமோ வெப்பமோ குறிப்பிடத்தக்க விதத்தில் மாறாமல் தன் எல்லைக்கு வந்து சேர வேண்டும் என்று ஒவ்வொரு கரை நிலக்காரரும் கேட்கலாம். ஓடை வந்து கலக்கும் அல்லது வெளியேறும் இயற்கை ஏரியின் கரையில் நிலம் உள்ளவருக்கும் இதே போன்ற பாதுகாப்பு உண்டு. குடிக்க, வீட்டுப் புழக்கத்துக்கு, ஆடுமாடுகளுக்குக் காட்ட நீர் எடுத்துக்கொள்ளலாம். அந்த நிலத்தின் பாசனத்துக்கும், அந்த நிலத்திலேயே நடக்கும் ஆலைக்கும் எடுக்கலாம். மற்ற கரைக்காரர்களுக்குக் கணிசமான கெடுதல் வரக்கூடாது.

‘அந்த நிலத்தின்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆற்றோரம் இரண்டு ஏக்கரும் மேட்டில் இருபது ஏக்கரும் வைத்திருப்பவர், கரை நிலத்தைக் காட்டி மோட்டார் போட்டுத் தொலைவில் தனியே கிடக்கும் மேட்டுக் காட்டுக்குக் குழாய் இழுத்தால், அது கரையோர உரிமைக்குள் அடங்காது. லாரியில் நிரப்பி விற்பதும் அப்படியே. மேல்கரைக்காரர் முந்திக்கொண்டார் என்பதற்காக அவருக்குக் கூடுதல் பங்கும் கிடையாது. இந்த அளவுக்கு மேல் ஒருவர் நீரை எடுத்து வந்திருந்தால், 15ஆம் பிரிவின்படி 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாகவே வெளிப்படையாக அனுபவித்ததைக் காட்டினால் அது நிலைபெறலாம். எதிர்த்தரப்புச் சொத்து அரசுடையதானால் 30 ஆண்டுகள்.

பழைய பாசன ஆவணங்களில் நெடுங்கால வழக்கப்படி வரும் நீருக்கு ‘மாமூல்’ என்று பெயர். அந்த மரியாதையான சொல் இன்று எதைக் குறிக்கிறது என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படுகை யாருடையது

இங்கிலாந்துப் பொதுச்சட்டத்தில், படகு போகாத சிற்றாற்றின் கரையில் நிலம் இருந்தால் ஆற்றின் நடுக்கோடு வரை படுகையும் அவருடையது என்று ஓர் ஊகம் உண்டு. தமிழ்நாட்டில் அந்த நம்பிக்கையோடு யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், 2ஆம் பிரிவில், ஆறு, ஓடை, ஏரி, குளம் ஆகியவற்றின் படுகையும் நிற்கும் நீரும் ஓடும் நீரும் அரசின் சொத்து என்கிறது. ஜமீன்தார் முதலியோருக்கு ஏற்கெனவே இருந்த உரிமைகள் மட்டும் விலக்கு. வலக்கரையில் கர்நாடக நிலவருவாய்ச் சட்டம், 1964, தன் 67ஆம் பிரிவில் இதையேதான் சொல்கிறது.

ஆனால் 1905 சட்டத்தின் அதே பிரிவிலேயே ஒரு வாசகம் இருக்கிறது: அரசின் இந்தச் சொத்துரிமை, மற்ற நில உடைமையாளர்களின் இயல்புரிமைக்கும் வசதியுரிமைக்கும், சட்டப்படி நிலைத்துள்ள வழக்க உரிமைகளுக்கும் உட்பட்டது. கரைக்காரர் பிடித்துக்கொள்ள வேண்டிய கொம்பு இதுதான். படுகை அரசுடையதானாலும் அவருடைய நீர் உரிமை அழிவதில்லை. 1876இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை, தேம்ஸ் கரைத் துறை பற்றிய லயன் வழக்கில், இந்த உரிமை கரையைத் தொட்டு வருவதே தவிரப் படுகையைச் சார்ந்ததல்ல என்று தீர்ப்பளித்தது. ஆங்கிலத்தில் இவ்வுரிமைக்கு வழங்கும் பெயரே கரையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அரசுக்கு இன்னொரு பிடியும் உண்டு. வசதியுரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, ஆறுகளிலும் இயற்கை ஏரிகளிலும் நீரைத் தேக்கவும் பகிரவும் ஒழுங்குபடுத்தவும் அரசுக்கு உள்ள உரிமையை இச்சட்டம் குறைக்காது என்கிறது. அணை கட்டி அரசு நீரைத் திருப்பினால் கரைக்காரர் பெரும்பாலும் தோற்பார். எனினும் எல்லா வழக்கிலும் அரசு வென்றதில்லை. கஞ்சம் மாவட்ட உர்லாம் ஜமீன் வழக்கில், வம்சதாரா நதியிலிருந்து ஜமீனின் வாய்க்கால்களில் வழக்கமாக வந்த நீருக்குச் சென்னை அரசு தண்ணீர்த் தீர்வை கேட்டது. 1917இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன் பக்கம் தீர்ப்பளித்தது.

புலப்படத்தில் பார்ப்பது

இவ்வளவும் நிலம் நீரைத் தொட்டால்தான். ஒகேனக்கல், ஊட்டமலைப் பகுதியில் கேள்வியே அதுதான். பட்டா, சிட்டா இரண்டும் நிலம் யாருடையது, எவ்வளவு என்று சொல்லும். ஆற்றைத் தொடுகிறதா என்று சொல்லாது. அதற்குப் புல அளவைப் படத்தை, அதாவது எப்.எம்.பி.யை, விரித்துப் பார்க்க வேண்டும். புலத்தின் மேற்கு எல்லைக்கோட்டுக்கு அப்பால் நேரே ஆறு வந்தால் ஒரு நிலை. நடுவில் வேறொரு புல எண் கிடந்து, அ-பதிவேட்டில் அதற்கு எதிரே ‘புறம்போக்கு’ என்றோ ‘காப்புக்காடு’ என்றோ எழுதியிருந்தால் நிலைமை தலைகீழ். அந்தக் கீற்று பத்தடி அகலமே இருந்தாலும் நீரைத் தொடுவது அரசு நிலம். பட்டாதாரர் கரையோரக்காரர் அல்லர், பக்கத்து நிலக்காரர்.

இதைத் தெரிந்தும் தெரியாமலும் பலர் அந்தக் கீற்றில் வேலி போடுவார்கள், தென்னை வைப்பார்கள், கொட்டகை போடுவார்கள். பிறகு வருவாய்த்துறையிலிருந்து ‘பி மெமோ’ வரும். அதற்குக் கட்டிய பணத்தின் ரசீதை உரிமை ஆவணம்போல் பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். அது ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்ட தாள். வெளியேற்றம் 1905 சட்டத்தின் 7ஆம் பிரிவு அறிவிப்புக்குப் பின் 6ஆம் பிரிவின்படி நடக்கும்.

பாறையான படுகை என்பதால் வண்டல் படிந்து நிலம் வளரும் வாய்ப்பு இங்கே குறைவு. மெல்ல மெல்லப் படிந்த நிலம் கரையோடு சேரும், ஒரே வெள்ளத்தில் ஆறு திசை மாறினால் எல்லை மாறாது என்ற விதி டெல்டாக்காரர்களுக்குத்தான் பயன்படும்.

கீழே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் கதை வேறு. 1934இல் முடிந்த அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தியும் பழைய கிறித்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். வறண்ட பரப்பில் கேழ்வரகும் சோளமும் விதைப்பார்கள். நீர் ஏறினால் பயிர் போகும். அது அரசு நிலம். விதைத்தவருக்குக் கரையோர உரிமை என்று எதுவும் இல்லை.

காடு

ஒகேனக்கல்லைச் சுற்றிய ஆற்றங்கரையில் பெரும்பகுதி காப்புக்காடு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 504.33 சதுர கிலோமீட்டர் 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் அசையாச் சொத்து உள்ளவர் போய்வரலாம். ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 29ஆம் பிரிவில், உள்ளே வரும் அல்லது வெளியே போகும் நீரோட்டத்தைத் திருப்புவதையும் நிறுத்துவதையும் அனுமதியின்றித் தடை செய்கிறது. ஆற்றோர விடுதி கட்டுபவர்கள் மறக்கக்கூடாத தீர்ப்பு, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் தந்தது. இமாசலத்தில் பியாஸ் ஆற்றின் போக்கையே விடுதி ஒன்றுக்காக மாற்றியதைக் கண்டித்து, ஆறும் கரையும் மக்களுக்காக அரசு அறங்காவலராக வைத்திருப்பவை என்று சொல்லி, நிலக் குத்தகையை ரத்து செய்தது.

ஏரிகள்

தருமபுரியின் ஏரிகள் பெரும்பாலும் வெட்டிக் கட்டியவை. அங்கே கரையோரம் நிலம் இருப்பது நீர் உரிமை தராது. ஆயக்கட்டுப் பதிவேட்டில் பெயர் இருப்பதே தரும். கரையை ஒட்டிய தோட்டத்துக்குச் சொட்டு நீர் உரிமை இல்லாமலும், ஒரு மைல் தள்ளிய வயலுக்கு மடைநீர் உரிமையாகவும் இருக்கலாம்.

இரு மாநிலங்களுக்கு நடுவே

மேல்கரைக்காரர் நீரைத் தடுத்தால் கீழ்க்கரைக்காரர் உரிமையியல் நீதிமன்றம் போகலாம். தடுப்பது மேல் மாநிலமானால் போக முடியாது. 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே நதிநீர்த் தகராறுகள் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. ஆனாலும் காவிரி நடுவர் மன்றம் அமைவதற்கு உழவர்களும் ஒரு காரணம். தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நலவுரிமைப் பாதுகாப்புச் சங்கம் 1983இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனுவில் 1990 மே 4இல் உத்தரவு வந்தது. ஜூன் 2இல் மன்றம் அமைந்தது.

2007 பிப்ரவரி 5இல் வந்த இறுதித் தீர்ப்பு, ஒகேனக்கல்லுக்கு மேலே உள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. வந்து சேர வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. ஆறு நாட்டின் சொத்து, எந்த மாநிலமும் உரிமை கொண்டாட முடியாது என்றும் சொன்னது. இந்தக் கணக்கில் ஒகேனக்கல் கரைக்காரர் எங்கும் இல்லை. அவர் வாசலில் ஓடும் நீர் ஏற்கெனவே கணக்கு எழுதப்பட்ட நீர்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக, ஜப்பான் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தொடங்கி வைத்த திட்டம் அது. கரையோர உரிமைப்படி பார்த்தால் ஓசூருக்கு ஒரு குடம் தண்ணீர்கூடப் போக முடியாது. அது கரை நிலமல்ல. அரசின் பகிரும் அதிகாரத்தால்தான் குழாய் போனது. கரையோர உரிமை பழைமையானது என்பதற்காகவே அது நியாயமானது என்று எண்ணுபவர்கள் இந்தக் குழாயை நினைத்துக்கொள்ளலாம்.

பரிசல்காரர்கள்

இங்கே ஆற்றை நம்பி அதிகம் வாழ்பவர்கள் பட்டாதாரர்கள் அல்லர். பரிசல் ஓட்டுபவர்கள், மீன் பிடிப்பவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள், மீன் வறுத்துத் தரும் பெண்கள் ஆகியோரே. பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடியதும் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடும். மூங்கில் பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். அன்றைய கூலி போயிற்று. கரையோர உரிமைச் சட்டம் இவர்களுக்கு எதுவும் தரவில்லை. 1905 சட்டம் ஏற்கும் வழக்க உரிமையும், காட்டில் வாழ்வோருக்கு மீன் உள்ளிட்ட நீர்நிலை விளைபொருள் உரிமையைச் சொல்லும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும்தான் இவர்கள் கேட்டுப்பார்க்கக்கூடிய கதவுகள்.

ஆற்றங்கரையில் மனை வாங்க நினைப்பவர் பத்திரத்தைப் படிக்கும் முன் பென்னாகரம் வட்டாட்சியர் அலுவலகத்தில் புலப்படத்தின் நகலும் அ-பதிவேட்டின் நகலும் வாங்கி, மனைக்கும் ஆற்றுக்கும் நடுவே வேறு புல எண் இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால், விற்பவர் சொல்லும் ஆற்றங்கரை விலையைக் கொடுக்க வேண்டாம்.