சொந்தமா டிரெஸ் பிராண்டு தொடங்கப் போறீங்களா? ஈரோட்டுக்கு பஸ் ஏறும் முன் இதைப் படிங்க!

பேர் வெச்சாச்சு, லோகோ ரெடி, இன்ஸ்டாவில் பேஜும் ஓப்பன் பண்ணியாச்சு. இனி டிரெஸ் தைத்து வர வேண்டியதுதான் பாக்கி என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. உங்கள் சேமிப்பு கரையக்கூடிய இடமே அதுதான்.

எந்த ஊர்?

டி-ஷர்ட், லெகிங்ஸ் போன்ற பின்னலாடை என்றால் திருப்பூர். குர்த்தி, நைட்டி மாதிரி தறித்துணி என்றால், அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஈரோடு. வீரப்பன்சத்திரம், சித்தோடு, லக்காபுரம் பக்கமெல்லாம் விசைத்தறிகளில் ரேயான் ஓடுகிறது. கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். ஆர்டர் கொடுக்காவிட்டாலும், ஒருமுறை போய் துணியைத் தொட்டுப் பார்த்துட்டு வாங்க.

எல்லாம் ஒரே இடத்தில் நடக்காது

காடாத்துணி ஒரு தறியில், சாயம் வேறு பட்டறையில், கட்டிங்கும் தையலும் இன்னொரு யூனிட்டில், காஜா பட்டன் ஜாப் ஒர்க்கில். பல ஆர்டர்கள் இப்படித்தான் கைமாறி வரும். ஒரு இடத்தில் தாமதமானால் மொத்தமும் நிற்கும். அதனால், ‘எது உங்க யூனிட்ல நடக்கும், எது வெளியில போகும்?’ என்று முதலிலேயே கேளுங்கள்.

‘50 பீஸ் போதும்’ என்றால்?

கணக்குப் போடுவோம். ஒரு குர்த்திக்கு இரண்டரை மீட்டர் என்றால், 1,000 மீட்டர் துணிக்கு 400 குர்த்தி. அதுவும் ஒரே கலரில். மெஷினில் கொஞ்சம் துணி போட்டாலும் செட்டிங் வேலை அதேதான். அதனால்தான் சாயப்பட்டறையும் பிரின்டிங்கும் குறைந்தபட்ச அளவு கேட்கிறார்கள். 50 பீஸுக்கு ரெடி துணி வாங்கித் தைக்கலாம். ஆனால், அடுத்த முறை அதே ஷேட் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கஸ்டமரிடம் ‘ரீஸ்டாக் வரும்’ என்று வாக்குக் கொடுத்துடாதீங்க.

சாம்பிளில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஒரு பீஸை மட்டும் தைக்கும் சாம்பிளுக்கு, மொத்த ஆர்டரின் பீஸ் ரேட்டை விட அதிகம் கேட்பார்கள். அது நியாயம்தான். சாம்பிள் வந்ததும் போட்டோ எடுத்தால் மட்டும் போதாது. மூன்று முறை துவையுங்கள். ரேயான் சுருங்கும் துணி. 5% சுருங்கினாலே 44 இன்ச் குர்த்தி 42 இன்ச்சுக்குக் கீழே போய்விடும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் இரண்டு பீஸில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை சண்டை வந்தால் அதுதான் சாட்சி.

‘பண்ணிக்கலாமுங்க!’

கொங்கு மண்ணில் அடிக்கடி காதில் விழும், மரியாதையான வார்த்தை. ஆனால், அது ஒப்பந்தம் இல்லை. இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்:

* துணியின் தரம், சைஸ் வாரியான அளவுகள், அனுமதிக்கும் வித்தியாசம்
* எத்தனை பீஸ் கூடலாம், குறையலாம்
* டேமேஜ் பீஸுக்கு யார் பொறுப்பு, மீதித் துணி யாருக்கு
* அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எப்போது, டெலிவரி தேதி

விலையும் நேரமும்

பீஸ் ரேட்டை மட்டும் வைத்து லாபம் கணக்குப் போடாதீங்க. சாம்பிள், கட்டிங் சேதாரம், லேபிள், பேக்கிங், லாரி வாடகை, கஸ்டமர் ரிட்டர்ன் எல்லாம் அதில் சேரணும். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை விற்றால் ஜி.எஸ்.டி 5%, அதைத் தாண்டினால் 18%. விலை வைக்கும் முன் இதைக் கவனியுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பெரிய ஆர்டர்கள் வரிசையில் நிற்கும். உங்கள் 100 பீஸ் கடைசியில்தான் போகும். பண்டிகை முடிந்து ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பவும் நாளாகும். அதனால் சொன்ன தேதிக்குப் பிறகும் சில வாரங்கள் கையில் இருக்கும்படி லாஞ்ச் தேதியை வையுங்கள்.

முதல் ஆர்டர் ஒரே டிசைன், இரண்டே கலர் போதும். செக்கிங் நடக்கும் நாளில் நேரில் போய் நில்லுங்க. பேக் பண்ணி வீட்டுக்கு வந்த பிறகு கண்ணில் படும் தவறை, அங்கே டேபிளிலேயே சரிசெய்து வாங்கிவிடலாம்!