சோறு போடாத மருமகள்

"எம் மருமவ எனக்குச் சோறு போடல." நெரவியில் என் பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லுவார். முந்தானையில் ரசக் கறை இன்னும் காய்ந்திருக்காது. உள்ளே அண்ணி அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருப்பார். தெருவில் யாரும் அந்தத் தட்டைப் பார்ப்பதில்லை. திண்ணையைத்தான் பார்க்கிறார்கள்.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை வந்து இருபத்தைந்து வருடம். மறதி வந்து நான்கு வருடம். மறதி மட்டும் என்றால் அண்ணி இன்னொரு கரண்டி சோறு போட்டு ஊர் வாயையும் சேர்த்து அடைத்திருப்பார். சர்க்கரை மட்டும் என்றால் பெரியம்மாவே தன் ஊசியைப் போட்டுக்கொள்வார். பல வருடம் அப்படித்தான் போட்டுக்கொண்டார். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்ததும், கேட்கும்போதெல்லாம் சோறு போட்டால் நோய் ஏறுகிறது, போடாவிட்டால் பழி ஏறுகிறது. இந்தப் பழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் அகுஸ்தே டேட்டர் என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். வயது 51. அலோய்ஸ் ஆல்ஸைமர் அவரிடம் பெயர் கேட்டார், கணவர் பெயர் கேட்டார், பதில்களை அப்படியே எழுதி வைத்தார். 1906இல் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து சொன்னதுதான் இன்று மருத்துவரின் பெயரால் வழங்கும் நோய். அகுஸ்தேயிடம் முதலில் தென்பட்ட மாற்றங்களில் ஒன்று, கணவர்மீது வந்த சந்தேகம். அந்தக் குற்றச்சாட்டு நோயின் அறிகுறி என்று கோப்பில் ஏறியது. கணவர் குற்றவாளி ஆகவில்லை. நெரவித் திண்ணையில் அதே வகைக் குற்றச்சாட்டு எழும்போது அது அறிகுறியாகக் கேட்பதில்லை, சாட்சியமாகக் கேட்கிறது. கணவர்மீது சொன்னால் நோய், மருமகள்மீது சொன்னால் உண்மை.

இதை ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். 1980களில் வாரணாசியில் களப்பணி செய்த மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன், 1998இல் வெளியிட்ட நூலில், முதியவரின் தடுமாற்றத்தை இங்கே மூளையின் கோளாறாக அல்லாமல் குடும்பத்தின் கோளாறாக வாசிக்கிறார்கள் என்று காட்டினார். கோவாவில் விக்ரம் பட்டேலும் மார்ட்டின் பிரின்ஸும் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்விலும் மக்கள் இதையேதான் சொன்னார்கள்: பிள்ளைகள் அன்பு காட்டவில்லை, கவனிக்கவில்லை, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது. 'கூட்டுக் குடும்பம் இருந்தவரை இதெல்லாம் ஏது?' என்ற பெருமூச்சும் கூடவே வரும். அந்தக் கூட்டுக் குடும்பத்தில் மூத்திரத் துணியைத் துவைத்தது யார் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் சொல்வதில்லை.

1998இல் 10/66 என்ற ஆய்வுக் குழு உருவானது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வாழும் வளரும் நாடுகளில், அந்நோய் பற்றிய மக்கள்தொகை ஆய்வுகளில் 10 சதவீதம்கூட நடக்கவில்லை என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. சென்னையும் வேலூரும் அதன் களங்கள். அதன் பகுதியாகக் கேரளத்தில் நடந்த ஆய்வில், பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள், பலர் மருமகள்கள் என்று தெரிந்தது. நமக்குத் தெரியாததா என்று கேட்கலாம். ஆனால் அது எழுத்தில் ஏற அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சர்க்கரையின் வரலாறு வேறு பாதையில் வந்தது. 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். 1942இல் பிரான்சின் மோன்பெலியே நகரில், டைபாய்டுக்குக் கொடுத்த ஒரு சல்பா மருந்து நோயாளிகளின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவதைக் கண்டார்கள். அந்த ஆபத்திலிருந்துதான் சர்க்கரை மாத்திரையின் ஒரு பெரிய குடும்பமே பிறந்தது. பிறப்பின் குணம் அதை விட்டுப் போகவில்லை. இன்றும் அம்மாத்திரைகள் சாப்பிடாத முதியவரை மயக்கத்தில் தள்ளும். நம் பக்கம் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் மா. விஸ்வநாதன் நீரிழிவுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே எழுப்பினார். (அதே வருடம் நவம்பர் 1ஆம் தேதிதான் காரைக்காலை விட்டுப் பிரெஞ்சு ஆட்சி போனது.)

இந்த மருத்துவம் முழுவதும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: நோயாளிக்கு ஞாபகம் இருக்கும். அளவாகச் சாப்பிடு, நேரத்துக்கு ஊசி போடு, படபடப்பு வந்தால் சர்க்கரை வாயில் போடு. ஊசி போட்டதை மறந்து இன்னொரு முறை போட்டுக்கொள்கிறவருக்கு, படபடப்பைச் சொல்ல வார்த்தை கிடைக்காதவருக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் வயது வந்தவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். அதே வருடம் வந்த இன்னொரு கணக்கு, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் என்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நீரிழிவு இருந்தால் மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று ராட்டர்டாமில் 1999இலேயே கண்டிருக்கிறார்கள். இரண்டு கணக்குகளும் ஒரே அடுப்படியில் சந்திப்பது இப்படித்தான்.

அண்ணி இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டார். ஒருநாள் பெரியம்மா அடிக்க வந்தபோது மறதியின் கோபம் என்று விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்துக் கண் செருகியது. சர்க்கரை இறங்கியிருந்தது. அன்றிலிருந்து கோபம் வந்தால் முதலில் சுகர் மெஷின்தான். டாக்டரிடம் கேட்டு, சாப்பிட்டதைப் பார்த்த பிறகே போடக்கூடிய ஊசிக்கு மாற்றிக்கொண்டார். மதியச் சோற்றை மூன்று கிண்ணமாகப் பிரித்து வைத்துவிடுகிறார். 'சோறு போடல' என்ற குரல் வந்ததும் இரண்டாவது கிண்ணம் திண்ணைக்கு வரும், தெரு பார்க்க. இன்சுலின் குப்பி துணி அலமாரிக்கு அருகே பூட்டிய குட்டிப் பிரிட்ஜில் இருக்கிறது. இரவில் பெரியம்மாவின் கால்விரல் இடுக்குகளை டார்ச் அடித்துப் பார்ப்பார். புண் வந்தாலும் சொல்ல மாட்டார் என்பதால்.

2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைப் பராமரிக்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 134 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 76 நிமிடம். காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கும் தூக்கம் எந்தக் கணக்கிலும் தூக்கம் என்றுதான் பதிவாகும்.

காரைக்காலில் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாவுக்கு ஓய்வூதியம் உண்டு, அவர் மனைவிக்கும் உண்டு. சொல்தாவைக் கடைசிவரை குளிப்பாட்டிய மருமகளுக்கு எந்த அரசும் எதையும் எழுதி வைக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இல்லை. 2019 டிசம்பரில் கொண்டுவந்த திருத்த மசோதாவில் மருமகளும் மருமகனும் வந்தார்கள், கடமைப்பட்டவர்களாக. வேலையைச் செய்துவந்த காலமெல்லாம் கண்ணில் படாதவர், பொறுப்பைச் சுமத்தும்போது மட்டும் கண்ணில் பட்டார்.

போன மாதம் டாக்டர், இந்த வயதில், இந்த நிலையில் சர்க்கரை கொஞ்சம் மேலே இருந்தாலும் பரவாயில்லை, இறங்கிவிடாமல் பார்ப்பதுதான் முக்கியம் என்றார். அண்ணி அதை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். எதற்கு என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"நாத்தனார் வந்து கேட்டா காட்டணும், சார்."

சீட்டு அடுப்படிக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது. நாத்தனார் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.