ராக்லன் கொடுத்த ஆர்டர்

திருப்பூரில் 'ஆர்டர்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். இத்தனை ஆயிரம் பீஸ், இன்ன துணி, இன்ன அளவு, இன்ன தேதிக்குள் கப்பலேற வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வரும் கொள்முதல் தாள் அது. ஆங்கிலத்தில் அதே சொல் படைத்தலைவன் இடும் ஆணையையும் குறிக்கும். இவ்விரு பொருள்களையும் இணைக்கும் ஒரு பழைய கதை, பனியன் கம்பெனிகளின் கட்டிங் மேசையில் இன்றும் கிடக்கிறது.

தோளில் தையல் இல்லாமல் கழுத்துவரை ஒரே துண்டாக நீளும் கைக்கு ராக்லன் என்று பெயர். முன்புறம் திறந்து பொத்தான் வைத்த பின்னலாடை கார்டிகன். முகத்தை மூடும் பின்னல் குல்லா, நாம் மங்கி கேப் என்பது, ஆங்கிலத்தில் பாலக்ளாவா. மூன்று பெயர்களும் கிரீமியப் போரிலிருந்து வந்தவை. ராக்லன் பிரபு பிரிட்டிஷ் படையின் தலைவர். 1815இல் வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்தவர். அந்தக் கை வெட்டும் முறை அவருக்காக உண்டானது என்பர். கார்டிகன் பிரபு அவருக்குக் கீழே இலகு குதிரைப்படையை நடத்தியவர். பாலக்ளாவா, கருங்கடற்கரையில் அவர்கள் போரிட்ட ஊர்.

1854 அக்டோபர் 25 அன்று ராக்லன் மேட்டின்மேல் நின்றிருந்தார். துருக்கியர் காத்த அரண்களில் பிடித்த பிரிட்டிஷ் பீரங்கிகளை ரஷ்யர் இழுத்துச் செல்ல முயல்வது அவருக்குத் தெரிந்தது. குதிரைப்படை விரைந்து முன்னேறி, எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும் என்று ஆணை எழுதப்பட்டது. எந்தப் பீரங்கிகள் என்பது அதில் இல்லை. முன்பக்கம் என்றால் எந்தத் திசை என்பதும் இல்லை. மேட்டில் நிற்பவருக்கு அவை கண்ணெதிரே இருந்தன. எழுதத் தேவையில்லை என்று தோன்றியிருக்கும்.

பள்ளத்தாக்கில் இருந்த லூக்கன் பிரபுவுக்கு அந்தக் காட்சி தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டார். தாளைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை வீசிக் காட்டினார். அந்தக் கை சுட்டியதாக லூக்கன் கொண்டது பள்ளத்தாக்கின் கோடியில் அணிவகுத்திருந்த ரஷ்யப் பீரங்கிகளை. மூன்று பக்கமும் குண்டு பொழிய, ஏறக்குறைய 670 குதிரை வீரர் அதை நோக்கிப் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நோலன் தொடக்கத்திலேயே விழுந்தார். கார்டிகன் உயிரோடு திரும்பினார்.

இந்நிகழ்ச்சியைத் தமிழில் எழுதுவோருக்கும் கண்ணிகள் உண்டு. படைத்துறை ஆங்கிலத்தில் 'கன்' என்றால் பெரும்பாலும் பீரங்கி. துப்பாக்கி என்று பெயர்த்தால் போரே மாறிவிடும். 'லைட் பிரிகேட்' என்பதில் ஒளி இல்லை. இலகுவான ஆயுதமும் விரைந்த குதிரையும் உடைய படை அது. 'சார்ஜ்' பாய்ச்சல், திருப்பூரில் அதே சொல் சாயத்துக்கும் தையலுக்கும் கொடுக்கும் கூலி.

திருப்பூருக்கு வரும் ஆர்டர்களிலும் இதே கண்ணிகள் உள்ளன. 'ரைட் சைடு' என்று தாளில் இருந்தால் அது வலப்பக்கமா, துணியின் நல்ல பக்கமா? இடது மார்பில் அச்சு என்றால் அணிபவரின் இடதா, எதிரே நின்று பார்ப்பவரின் இடதா? ஆடைத் தொழிலில் அணிபவரின் இடதே இடது. புதிதாக வந்தவருக்கு அது தெரியாது. எழுதியவரோ மேட்டில் நிற்கிறார்; அவர் கண்ணெதிரே சாம்பிள் இருக்கிறது. மெர்ச்சன்டைசர் ஒருவர் தயங்காமல் எழுதிக் கேட்டுவிட்டால் ஆயிரக்கணக்கான பீஸ்கள் தப்பும். கேட்க வெட்கப்பட்டுக் கையசைவை நம்பினால், கூலியும் துணியும் கப்பல் தேதியும் போகும். அந்த நட்டத்தின் ஒரு பங்கு தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் தலையில்தான் விடியும்.

நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்தைச் சொல்கிறது. அவற்றில் முதலாவது குன்றக் கூறல். வேறொன்று மயங்க வைத்தல். ராக்லனின் தாள் இரண்டையும் ஒருங்கே செய்தது. இலக்கணம் புலவருக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர், தோளில் தையலில்லாத ஒரு சட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மயங்க ஆணையிட்டவரின் பெயர் உடுப்பில் நிலைத்துவிட்டது. அந்தத் தாளை நம்பிக் குதிரையேறியவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த உடுப்பிலும் இல்லை.