ஆவி கேட்கும் நீதி

பேய்க் கதை கேட்டு நடுங்குவோர் பலர், நகைப்போர் சிலர். வரலாற்றை எண்ணிப் பார்க்கவும் அது உதவும் என்பதை 1946ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் வெளிவந்த ‘தி டைம் ஆஃப் தேர் லைவ்ஸ்’ என்னும் நகைச்சுவைப் படத்தைக் கண்டு உணர்ந்தோம். சார்லஸ் பார்ட்டன் இயக்க, அபட், காஸ்டெல்லோ என்னும் புகழ்பெற்ற இரட்டையர் நடித்த படம் அது.

கதை அமெரிக்க விடுதலைப் போர்க் காலமாகிய 1780இல் தொடங்குகிறது. பாத்திரங்களைப் பழுது பார்க்கும் எளிய தொழிலாளி ஒருவனும் நங்கை ஒருத்தியும், ஒரு குற்றமும் செய்யாதிருந்தும், துரோகிகள் எனத் தவறாகக் கருதப்பட்டுக் குண்டுக்கு இரையாகின்றனர். உடல்கள் கிணற்றில் எறியப்படுகின்றன. குற்றமின்மை மெய்ப்பிக்கப்படும் வரை அவ்விடம் விட்டு அகலலாகாது என்பது அவ்வாவிகளுக்கு நேர்ந்த சாபம். 166 ஆண்டுகள் கழிகின்றன. புதுப்பிக்கப்பட்ட மாளிகைக்கு வந்தோரிடம் அவை அடிக்கும் கூத்து, வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பது. ஈற்றில் அவற்றை விடுவித்தது மந்திரமன்று, ஒரு காகிதம்! ஜார்ஜ் வாஷிங்டன் அத்தொழிலாளிக்கு அளித்த நற்சான்றுக் கடிதம், பழைய கடிகாரம் ஒன்றின் இரகசிய அறையில் இருந்தது.

ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளிடையே காலங்கழிக்கும் நமக்குக் காகிதத்தின் அருமை நன்கு தெரியும். ஆனால், காகிதச் சான்று இல்லாதோர் கதி யாது? விடை தேடி அமெரிக்கா செல்ல வேண்டா. திருவனந்தபுரத்திலிருந்து இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகர்கோவில் போதும்.

1729இல் மார்த்தாண்ட வர்மர் வேணாட்டு அரியணை ஏறினார். அவருக்கு முன் ஆண்ட இராம வர்மரின் புதல்வர் வலியதம்பி, குஞ்சுத்தம்பி எனப்பட்டோர். மருமக்கள் வழி முறைப்படி அரசுரிமை உடன்பிறந்தாள் மகனுக்கே உரியது. ஆயினும் தம்பிமார் உரிமை கோரினர். எட்டுவீட்டில் பிள்ளைமார் என்னும் பிரபுக்களும் புதிய அரசரை எதிர்த்தனர். தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்பட்டனர், பிள்ளைமாரும் அழிக்கப்பட்டனர். வென்றவர் புகழை ஏடுகள் நிரம்பப் பேசின. 1891இல் சி. வி. ராமன் பிள்ளை இயற்றிய ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மலையாளப் புதினத்திலும் தம்பி தீயோனாகவே வருகிறான்.

நாஞ்சில் நாட்டுத் தமிழரின் வில்லுப்பாட்டாகிய ‘தம்பிமார் கதை’ வேறு விதமாய் ஒலிக்கிறது. அங்கே தம்பிமார் இரக்கத்துக்குரியோர். அவர்தம் தங்கையை அரசர் விரும்பியதே பகைக்கு வித்து என்கிறது பாட்டு. கொலையுண்டோர் ஆவி தானே அமைதியுறாது. கொடை எடுத்து, வில்லும் குடமும் உடுக்கும் முழங்க அவர் கதையைப் பாடியே அமைதிப்படுத்த வேண்டும் என்பது அம்மண்ணின் நம்பிக்கை.

தம்பிமார் குற்றமற்றவர் எனத் தீர்ப்புரைக்க நாம் முற்படவில்லை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்த அரசரின் ஆற்றலையும் குறைத்துரைக்கவில்லை. ஆயினும், தோற்றவர் வாக்குமூலத்தைக் கேளாது எழுதுவது வரலாறாகாது. படத்தில் கடிகாரம் காத்த கடிதத்தின் பணியை, நம் நாட்டில் ஏழை எளியோரின் பாட்டுச் செய்தது.

1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நாமோ எல்லைக்கு இப்பால் வாழ்கிறோம். நம் பிள்ளைகள் இந்நகரத்து அரண்மனையையும் ஆலயத்தையும் அறிவர், இப்பாட்டை அறியார். இதனை இளமையில் கொடை விழாக்களில் விடிய விடியக் கேட்ட மூத்தோர் நம் குடும்பங்களிலும் இருக்கக்கூடும். அவர்கள் நினைவில் எஞ்சியதைக் கேட்டு எழுதி வைப்போமாக. கடிகாரத்தினுள் இருந்த கடிதம் 166 ஆண்டு காத்திருந்தது. முதியோர் நெஞ்சில் உள்ள பாட்டு அத்துணைக் காலம் காத்திராது.