ஒரே லைன், இரண்டு போன்

2000-களில் பெங்களூரில் பொட்டி தட்டியவர்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். மேஜையில் இரண்டு போன். ஒன்றில் நாலு நம்பர் அழுத்தினால் கலிபோர்னியா ஆபீஸ், தனியாகக் காசு கிடையாது. இன்னொன்றில்தான் சேலத்து அம்மாவைக் கூப்பிட முடியும். இரண்டையும் இணைக்கக் கூடாது என்பது சட்டம்.

இந்தக் கதை ஆரம்பிப்பது 1985-ல். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்தபோது சொந்தமாகச் சாட்டிலைட் இணைப்பு கேட்டு வாங்கியது. அந்த டிஷ்ஷை மாட்டு வண்டியில் கொண்டு வந்தார்கள். (இஸ்ரோவின் ஆப்பிள் செயற்கைக்கோள் மாட்டு வண்டியில் போன 1981 படம் வேறு. நம்மாட்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.)

1991-ல் எஸ்.டி.பி.ஐ. வந்தது. சின்னக் கம்பெனிகளுக்கும் சாட்டிலைட் வழியாக 64 கிலோபிட் லைன் கிடைத்தது. அது எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். சாதாரண டிஜிட்டல் டெலிபோனில் ஒரே ஒருவர் பேசவே 64 கிலோபிட் வேண்டும்! ஜி.729 என்ற முறையில் குரலை 8 கிலோபிட்டாகச் சுருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒட்டும் விலாசத்தையும் சேர்த்தால் சுமார் 24 ஆகிவிடும். இரண்டு பேர் பேசினால் மிச்சம் 16. மொத்த ஆபீஸின் மெயிலும் அதில்தான் போக வேண்டும்.

இன்னொரு தொல்லை, வரிசை. 1500 பைட் டேட்டா பொட்டலம் ஒன்று 64 கிலோபிட் லைனைக் கடக்க கிட்டத்தட்ட 0.19 நொடி. ஓசூர் ரோட்டில் லாரிக்குப் பின்னால் மாட்டிய ஆம்புலன்ஸ் மாதிரி குரல் காத்திருக்கும். அதனால்தான் லாரியைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் குரலை முதலில் அனுப்பும் வித்தை வந்தது. வீடியோவுக்கு இதெல்லாம் போதாது. 384 கிலோபிட் வேண்டுமென்று ஆறு ஐ.எஸ்.டி.என். சேனல்களைத் தனியாகச் சேர்த்துக் கட்டினார்கள். சாட்டிலைட்டின் தாமதத்தை மட்டும் எந்த வித்தையாலும் ஒழிக்க முடியவில்லை. 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கக் கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் "ஹலோ" சொல்வார்கள்.

2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஐ2ஐ கடலடிக் கேபிள் வந்தது. கடலே இல்லாத பெங்களூருக்கு நம்ம சென்னைக் கடற்கரையும் ஒரு வாசல் ஆனது. அதே வருடம் வி.எஸ்.என்.எல்.லின் வெளிநாட்டு அழைப்பு ஏகபோகம் முடிந்தது. இணையத் தொலைபேசியும் சட்டப்படி சரி என்றானது. ஆனால் இந்தியாவுக்குள் சாதாரண போனோடு அதைக் கலக்க அனுமதி இல்லை. ஐ.எஸ்.டி. வருமானம் போய்விடுமே! கால் சென்டர்கள் இரண்டு எக்ஸ்சேஞ்ச் பெட்டி வைக்க வேண்டியிருந்தது. சிஸ்கோ தன் மென்பொருளில் இந்தச் சட்டத்துக்காகவே உள்ளுக்குள் சுவர் எழுப்பும் வசதி செய்து கொடுத்தது.

சிங்கப்பூரிலும் துபாயிலும் காலிங் கார்டு சுரண்டி நிமிஷம் எண்ணிப் பேசியவர்களுக்கு இது கோபம் வரவழைக்கும். தொழில்நுட்பம் தயாராக இருந்தும் அம்மாவின் குரல் விலையாகத்தான் வந்தது.

கால் சென்டர்களுக்கான பதிவு முறையை 2020 நவம்பரில் எடுத்தார்கள். உள்நாடு, வெளிநாடு என்ற வித்தியாசம் 2021 ஜூனில் போனது. அதற்குள் அந்த ஊழியர்களில் பலர் கொரோனாவால் வீட்டிலிருந்து வேலை பார்க்க, பக்கத்து அறையில் அம்மா வாட்ஸப் வீடியோவில் பேரனோடு பேசிக்கொண்டிருந்தார்.